போகஸ் வளையம்

“ஐ.எஸ்.ஓ. மூவாயிரத்து இருநூறு வை.”

வைத்தாள்.

“இருபது செகண்ட். ஏட்டி, அதுக்கு மேல போனா நட்சத்திரமெல்லாம் மண்புழு மாதிரி நெளியும்.”

அதையும் வைத்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து கேமராவைத் துடைக்க மட்டுமே அவளுக்கு அனுமதி. இந்த வருஷம்தான் பட்டன்கள் எல்லாம் அவள் கைக்கு வந்திருந்தன. கணவர் சொல்லச் சொல்ல இவள் திருகுவாள்.

போகஸ் மட்டும் இன்னும் அவரிடம் இருந்தது. வளையத்தைத் திருப்பி நிறுத்திய கையோடு அதன்மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிடுவார். அதற்குப் பிறகு எமனே வந்தாலும் தொடக்கூடாது.

கயத்தாறு தாண்டி, காற்றாலைகளும் முடிந்த கரிசல் காடு. காரிலிருந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். தடம் சரியில்லை என்றார்.

தடம் நன்றாகத்தான் இருந்தது.

கேமராத் திரையில் ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கினார். முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு வளையத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். வெகுநேரம் திருப்பினார்.

“வந்துட்டு.”

வரவில்லை. நட்சத்திரம் பஞ்சாக உப்பிக் கிடந்தது.

போன வருஷமும் இதே பஞ்சுதான். எல்லாம் மங்கல் என்று சிவகாசி காலண்டர்க்காரர் படங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த வருஷம் சாமி படம்தான் போடுகிறார்களாம் என்று கணவரிடம் சொல்லிவைத்தாள். அவரும் சரி என்றார். இரண்டாவது முறை திரும்பி வந்தால் அந்தப் பொய் நிற்காது.

எப்படி இருக்கிறது என்று கேட்டார். தலையாட்டினாள். இருட்டில் அது அவருக்குத் தெரியாது என்று உறைத்ததும், நல்லாருக்கு என்றாள்.

அவர் தடவிப் பார்த்து ஒரு கல்லில் உட்கார்ந்தார். இவளுக்கு முதுகைக் காட்டி.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வளையத்தை ஒரு மயிரிழை நகர்த்தினாள்.

பஞ்சு சுருங்கியது.

இன்னும் ஒரு மயிரிழை.

குண்டூசி முனை.

சத்தமில்லாமல் கையை எடுத்துக்கொண்டாள்.

அவர் திரும்பவில்லை.

“டேப்பை ஒட்டிரு.”

அப்போதுதான் பார்த்தாள். கேமரா நின்ற டிரைபாடின் காலில், அவள் நிற்கும் பக்கமாக, ஒரு துண்டு டேப் கிழித்துத் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது.