பெயர்கள் தயாராக இருக்கட்டும்

“குகை வாசல்ல டிராகன் செத்துக் கெடக்குது” என்றேன்.

சொல்லிவிட்டு நயீமின் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை.

ஆம்பூரில், தானிஷின் மொபைல் கடை மாடி. ஞாயிற்றுக்கிழமை மதியம். மேசையில் பகடைகள், ஆறிப்போன டீ. எங்கள் ஆட்டத்தில் ஒருவன் ஒரு கற்பனை உலகத்தைச் சொல்வான். மற்ற மூன்று பேரும் அதற்குள் வீரர்களாக இறங்கி, என்ன செய்கிறோம் என்று சொல்லிப் பகடை உருட்டுவார்கள். சொல்கிறவனுக்கு மாஸ்டர் என்று பெயர். இன்றைக்கு நான்.

இரண்டு வருடமாக நயீம் அகமதுதான் எங்கள் மாஸ்டர். மூன்று மாதத்துக்கு முன்னால் தோல் பதனிடும் எங்கள் டேனரியில் பதினோரு பேரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவனும் ஒருவன். அதற்குப் பிறகு இந்த மாடி ஏறவில்லை. என் போனையும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தாலே பேஜாராக இருந்தது.

அதனால்தான் மாஸ்டர் வேலையை நான் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவன் கதை சொல்ல வேண்டாம், சும்மா வந்து ஆடட்டும் என்று தானிஷை விட்டுக் கூப்பிட்டேன். எப்படியாவது அவனை இந்த நாற்காலியில் திரும்ப உட்கார வைக்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

மூன்று வாரம் யூட்யூபே கதி. புது மாஸ்டருக்கு யோசனை சொல்ல எத்தனை பேர் கிளம்பியிருக்கிறார்கள், அப்பப்பா! உலகம் முழுவதையும் கட்டாதே, ஒரு ஊரைக் கட்டு. கதையைக் கேள்வியில் தொடங்கு. வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் பெயர்கள் தயாராக இருக்கட்டும்.

கேட்டேனா? ஒரு நோட்டு முழுக்க ஆறு, மலை, ஏழு தலைமுறை ராஜாக்கள். பெயர்கள் மட்டும் நாற்பது. சத்திரத்துக் கழுதைக்குக்கூடப் பெயர் வைத்திருந்தேன்.

செத்த டிராகன்தான் என் கேள்வி. அதைத் தாண்டி உள்ளே போனால் புதையல். அதற்குத் தனியாக நான்கு பக்கம் எழுதியிருந்தேன்.

ஒருவரும் உள்ளே போகவில்லை.

“டிராகன் எவ்ளோ பெருசு?” என்றாள் மேகலா. ஷூ கம்பெனியில் டிசைனர்.

“லாரி அளவு.”

“தோலு வழவழன்னு இருக்குமா, சொரசொரன்னா?”

தொலைந்தது. ஆம்பூர்க்காரர்களிடம் செத்த மிருகத்தைக் காட்டினால் புதையலையா பார்ப்பார்கள்? எத்தனை சதுர அடி தேறும் என்று தானிஷ் செல்போனில் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான். என் ஏழு தலைமுறை ராஜாக்களும் அம்போ.

நயீம் தன் முறை வரும்போதெல்லாம் “நான் சும்மா நிக்கிறேன்” என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது எழுந்து போய்விட்டான் என்றால் இனி வர மாட்டான்.

“மொதல்ல உப்பு வைங்க” என்றான் திடீரென்று. “இல்லன்னா நாளைக்கே நாறிடும்.”

பேசிவிட்டான்! எழுந்து போய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பதினாலு வருடம் தோலைக் கையால் தடவித் தரம் பிரித்தவன். நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“காயம் எங்கடா இருக்கு?” என்று என்னைக் கேட்டான்.

அதை நான் எழுதவில்லை. நோட்டைப் புரட்டினேன். நெஞ்சு என்றோ கழுத்து என்றோ சொல்லியிருக்கலாம்.

“முதுகுல” என்றேன்.

“அய்யோ, முதுகு போச்சா!” மேகலா நெற்றியில் அடித்துக்கொண்டாள். தோலில் நல்ல பாகமே முதுகுதான்.

நயீம் தோலைப் பற்றிப் பேசவில்லை.

“அப்போ சண்டையில சாவல. முதுகக் காட்டிக்கினு நிம்மதியா படுத்திருந்துக்கீது. குத்தினவன் தெரிஞ்சவன்” என்றான். “அவன் பேரு இன்னா?”

அந்தப் பெயரையும் நான் எழுதி வைக்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஆபீசில் கூப்பிட்டு, பதினோரு பெயர் எழுதிக் கொடு என்றார்கள். சூப்பர்வைசர் நான்தானே. மற்றவர்கள் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள், சாபம் விடுவார்கள். நயீம் தோஸ்த், தாங்கிக்கொள்வான் என்று நினைத்தேன். நான் எழுதிய முதல் பெயர் அவனுடையது.

“சொல்லு மாஸ்டர்” என்றான்.

நோட்டை மூடி வைத்தேன்.

“ஜியாவுதீன்” என்றேன்.

தானிஷ் விழுந்து விழுந்து சிரித்தான். “கொலைகாரனுக்கு உன் பேரேவா? வேற பேரே கெடைக்கலயா?”

நயீம் சிரிக்கவில்லை. பகடையை எடுத்து, உருட்டாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

“இத சொல்ல மூணு மாசமாடா உனக்கு?”