முறுக்காத நட்டு

"கல்யாணத்துக்குங்களா?" என்று கேட்டார் பஸ் கண்டக்டர். மலையேறும் பஸ்ஸில் மருதாசலம் கட்டியிருந்தது சலவை வேட்டி, மடியில் மஞ்சள் பை.

அவர் லேசாகச் சிரித்தார். "ரெண்டு வருசமாக் காத்திருந்த சோலிங்க."

பைக்குள் ஒன்றரை அடி இரும்புக் கம்பி இருந்தது. அதைக் கொண்டு ஒரே ஒரு வலது கையை உடைத்தால் போதும்.

எல்லாம் ஒரு பைக்கால் வந்தது. எழுபத்து நான்கில், கல்யாணமான வருடம் அவர் வாங்கிய டூ ஸ்ட்ரோக் பைக் அது. மனைவி மயிலாத்தாளைப் பின்னால் வைத்துக்கொண்டு இந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் அவர் ஏறாத மாதமில்லை. கீழே வரும்போதே சத்தத்தை வைத்து, "மருதாசலம் வாராரு" என்பார்கள் மேலே.

மகன் கோகுல்நாத் கைக்குப் போனதும் வண்டி உருமாறியது. மலைமேல் செம்மேட்டு மெக்கானிக் சென்றாயனிடம் கொடுத்து மட்கார்டை வெட்டினான், ஹேண்டிலை உயர்த்தினான், சைலன்சரைக் குடைந்தான். தொண்ணூற்றொன்பதில் ஒருநாள் மலைக்கு வந்த மருதாசலம், பூட்டிய பட்டறை வாசலில் வண்டி நின்ற கோலத்தைப் பார்த்துப் பதறிவிட்டார். அங்கேயே விட்டுவர மனமில்லை. அன்னாசி லோடு டெம்போவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

மறுநாள் அவர் எழுவதற்குள் கோகுல் வண்டியை எடுத்துக்கொண்டு மலையேறினான். இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. ஒரே மகன்.

பிரேக் கம்பியில் நட்டே இல்லை என்றார்கள் போலீஸார். "முறுக்க மறந்துட்டனுங்க" என்று சென்றாயனே ஒப்புக்கொண்டான். கேஸ் முடிந்ததும் மலையை விட்டே போய்விட்டான்.

அவன் செம்மேட்டுக்கே திரும்பி வந்து பட்டறை போட்டிருப்பதாகப் போன வாரம்தான் பேளுக்குறிச்சிச் சந்தையில் யாரோ சொன்னார்கள்.

பட்டறையில் டயர் கழற்றிக்கொண்டிருந்த சென்றாயன், அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"நட்டு முறுக்காத அந்தக் கைய இப்படி வைடா."

சென்றாயன் வலது கையை மேசைமேல் வைத்தான். கண்களை மூடிக்கொண்டான். மருதாசலம் கம்பியை ஓங்கினார்.

"ஐயோ, வேண்டாமுங்க!" உள்ளேயிருந்து ஓடிவந்தாள் அவன் மனைவி பாப்பாயி.

"உள்ள போ புள்ள! வாயத் தொறக்காத!" என்று கத்தினான் சென்றாயன்.

"ரெண்டு வருசமாத் தொறக்காம இருந்தது போதும்." அவள் குறுக்கே வந்து நின்றாள். "இவரு எதையும் மறக்கலீங்க. பழைய நட்டுல மரை தேஞ்சு போயிருச்சு. புது நட்டு வாங்கத்தான் அன்னிக்குப் பட்டறையப் பூட்டிட்டு சேந்தமங்கலம் போயிருந்தாரு. உங்களுக்குத் தெரிஞ்சா உசுரோட இருக்கமாட்டீங்கன்னு பழியத் தன் தலைல போட்டுக்கிட்டாருங்க."

"எனக்கு என்ன தெரிஞ்சா?"

"வேல முடியறதுக்குள்ள வண்டியத் தூக்கிட்டுப் போனது நீங்கதானுங்க!"