படம் நின்னுபோச்சு

“அண்ணி, படம் நின்னுபோச்சு!”

கொழுந்தன் போட்ட சத்தத்தில் அவள் வெடுக்கென்று திரும்பினாள். மேடைக்குப் பின்னால், எல்இடி வீடியோ சுவரை இயக்கும் சின்ன அறை. அரங்கில் சுவர் காட்டும் அதே படம் இவர்கள் எதிரே இருந்த குட்டித் திரையிலும் தெரிந்தது. மேடையில் மைக் முன்னால் உட்கார்ந்திருந்த கம்பெனி முதலாளியின் முகம், கேமராவிலிருந்து நேரடியாக. கறுப்புக் கண்ணாடி, மோவாயில் கை. துளி அசைவில்லை.

“மேடையில பேசுறவரு பேச்சு கேக்குதே?”

“சத்தம் வருது. படம்தான் செத்துப்போச்சு.”

போன வருஷ ஆண்டு விழாவிலும் இப்படித்தான் பாதியில் நின்றதாம். பழைய கான்ட்ராக்டரை முதலாளி அன்றைக்கே விரட்டிவிட்டார். இந்த வருஷம் விழா முடிகிற வரை தன் முகம் திரையில் ஓடியாக வேண்டும் என்று உத்தரவு வேறு.

இருந்த வேலையை விட்டுவிட்டு அவள் சொந்தமாக எடுத்த முதல் கான்ட்ராக்ட் இது. எதற்கும் பேக்கப் இல்லாமல் அவள் விடவில்லை. கரண்டுக்கு இரண்டு லைன், கன்ட்ரோல் பெட்டி இரண்டு, சுவருக்கு இரண்டு பக்கமும் வயர். வீடியோ வராமல் போனாலும் சுவர் இருண்டுவிடாமல், கடைசியாக வந்த படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

“அப்ப வீடியோ வரல. கடைசிப் படத்தப் பிடிச்சிட்டு நிக்குது. ரெண்டாவது பெட்டிக்கு மாத்துங்க.”

மாற்றினான். முதலாளி அசையவில்லை.

“அந்தப் பக்கத்து வயர்ல விட்டுப் பாருங்க.”

“விட்டாச்சு அண்ணி. ம்ஹூம்.”

கதவு படாரென்று திறந்தது. விழாவுக்குப் பொறுப்பான மேனேஜர், சட்டையெல்லாம் வேர்வை.

“என்னம்மா இது? ஐயா திரும்பிப் பாத்தா என் சீட்டு கிழிஞ்சிடும்! எது போனாலும் படம் ஓடும்னு சத்தியம் பண்ணாத குறையா சொன்னீங்களே!”

“ஓடணும் சார். ஓடாம இருக்க வழியே இல்ல.”

“அப்ப என்ன, மாயமா மந்திரமா? எப்படியாவது அசைய வைங்க!”

அவளுக்கு அழுகை முட்டியது. வேலையை விடாதே என்று வீட்டில் எல்லோரும் தலைதலையாக அடித்துக்கொண்டார்கள். இவள்தான் கேட்கவில்லை. இனி யார் முகத்தில் விழிப்பது?

“கேமரா ஒண்ணுதான் பாக்கி. ஓடிப்போய்ப் பாத்துட்டு வாங்க!”

ஓடியவன் அதே வேகத்தில் திரும்பி வந்தான். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

“என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு? இங்க உயிர் போகுது!”

“கேமரா, வயரு எல்லாம் கச்சிதமா இருக்கு அண்ணி. எதுவுமே கெடல…”

அதற்குள் அரங்கில் கைதட்டல் எழுந்தது. குட்டித் திரையில் முதலாளியின் தலை சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்து, திடுக்கிட்டு நிமிர்ந்தது. கண்ணாடியைத் தூக்கிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு, சுவர் முழுக்க நிறைகிற மாதிரி ஒரு கொட்டாவி விட்டார். மறுபடியும் மோவாயில் கையை வைத்துக்கொண்டார்.

“அப்பாடா!” அவள் நாற்காலியில் அப்படியே சரிந்தாள். “ஒரு நிமிஷம்கூட நிக்கல சார். நல்லாத்தான் ஓடிட்டிருந்திருக்கு!”

வெளியே அரங்கமே கொல்லென்று சிரித்தது. ஸ்பீக்கர் வழியாக முதலாளியின் குறட்டை மெல்லக் கிளம்பியது.

மேனேஜர் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். “உங்களுக்குப் புண்ணியமாப் போகும்மா… எப்படியாவது படத்தை நிறுத்துங்க!”