மஞ்சள் கொடிக்கு நீலக் கரை

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையில் ஒரே மடிக்கணினி மூவரிடையே கைமாறிக்கொண்டிருக்கிறது. நாடு பிடிக்கும் ஆட்டத்தில் மாமியாருக்கு மிஞ்சியிருப்பது மஞ்சள் கொடி பறக்கும் ஒரே நகரம். அதைச் சுற்றி மகனின் சிவப்புப் படைகள் மொய்க்கின்றன. "பேசாம சரணடைஞ்சிடும்மா. எனக்குக் கப்பம் கட்டிட்டு நிம்மதியா இரு," என்று அவன் காலை நீட்டிக்கொள்கிறான். திரையில் விழும் ஜன்னல் வெயிலை ஒரு கையால் மறைத்தபடி அவள் குனிகிறாள். தையல்காரியான அவள் கழுத்தில் தொங்கும் அளவு நாடா விசைப்பலகையில் உரசுகிறது. சரணடைகிறேன் என்று அழுத்துகிறாள். யாரிடம் என்று திரை கேட்கிறது. சாக்பீஸ் படிந்த விரல் சிவப்பைத் தாண்டி, இரண்டே நகரம் வைத்திருக்கும் மருமகளின் நீலக் கொடியில் நிற்கிறது. கணினி மருமகளிடம் நகர்கிறது. சிற்றரசாகச் சேர்த்துக்கொண்டால் மாமியாருக்காகப் போரிட்டே ஆக வேண்டும், அதுதான் விதி. உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஏற்கிறேன் என்று அழுத்துகிறாள். மஞ்சள் கொடியைச் சுற்றி நீலக் கரை ஓடுகிறது. "அம்மா, போயும் போயும் இவகிட்டயா தலை குனியுற?" மருமகள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அத்தை ஊரைத் தொட்டா என்னைத் தொட்ட மாதிரி. தொட்டுப் பாருங்க." மாமியார் நிமிர்ந்து சாய்ந்து, அந்த ஆரஞ்சை எடுத்து, பட்டத்து ராணிபோல ஒவ்வொரு சுளையாகத் தின்கிறாள்.