கஸ்பாரின் பங்கு

மற்ற மருந்துகளுக்கெல்லாம் பழகிவிட்ட கிருமிகள் இன்னும் பணியும் மாத்திரை இப்போது ஒரே ஒரு வகைதான். அதையும் ஒருவருக்கு ஆயுளில் ஒரு முறைதான் எழுதித் தரலாம் என்பது சட்டம். ரெஜினா தன் பங்கைச் சிறுவயதில் நிமோனியாவுக்குச் சாப்பிட்டு முடித்திருந்தாள். இப்போது அவளுக்குக் காசநோய்.

"குடும்பத்துல யாராச்சும் அவங்க பங்கைக் குடுக்கலாம்" என்றார் டாக்டர்.

நான்கு வருடமாக அவளைப் பிரிந்து தூத்துக்குடியில் படகு கட்டிக்கொண்டிருந்த கணவன் கஸ்பார், செய்தி கேட்டு வந்தான்.

"என் பங்கை எழுதுங்க டாக்டர்."

"உளி பிடிக்கிற கை. இனிமே ஒரு வெட்டுக்காயம் சீழ் பிடிச்சாலும் உங்களுக்குத் தர மருந்து இருக்காது."

"தெரியும். எழுதுங்க."

"எனக்கு வேண்டாம்" என்று ரெஜினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பேசாம முழுங்கு. சண்டையப் பொறவு வச்சுக்கிடலாம்."

ஆறு மாதத்தில் குணமானது. மறுநாளே அவள் பஸ் ஏறி, தூத்துக்குடியில் அவன் வேலை செய்யும் இடத்துக்குப் போனாள். அவன் கைகளைப் பிடித்து விரல் விரலாகப் பார்த்தாள். பெருவிரலில் புதுக் கீறல் ஒன்று இருந்தது.

"இத எப்பம் கழுவுனீங்க?"

"மறந்துட்டேன்."

அவனைப் பலகையில் உட்காரவைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, துணி சுற்றினாள். "இனிமே தினமும் பாக்கணும்."

"தினமும் அவ்வளவு தூரம் பஸ்ல வருவியா?"

"பஸ்ல யாரு வரப்போறா? வீட்டுச் சாவியக் குடுங்க."