தூண்டில்முள் குறி

"மாடு களவெடுத்தவனுக்கு மாட்டுக்காரர் சங்கத்திலை என்ன வாக்கு?"

கேட்ட மார்க்கண்டு கதிரையில் இருக்கவில்லை, நின்றே இருந்தார். நெடுந்தீவில் அவர் குரலுக்கு எதிர்க்குரல் குறைவு. களவு போனதும் வேறு ஆருடைய மாடும் இல்லை, அவருடைய காரிப்பசுதான். நிறைமாதச் சினை வேறு. வயிறு எரியாதா மனிசனுக்கு?

கதவடியில் யாக்கோப்பு கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அந்தக் களவுக்காக இரண்டு வருசம் மறியலில் கம்பி எண்ணிவிட்டு, எண்பத்துநாலு பங்குனியில்தான் தீவுக்குத் திரும்பியவன். அவன் இல்லாத காலத்தில் பெண்சாதி மதலேனா இரண்டு பசுக்களைச் சாகவிடாமல் காப்பாற்றி வைத்திருந்தாள். பட்டியில் பசு நிற்கிறதே, அப்படியென்றால் வாக்கும் இருக்குத்தானே என்று கேட்டு வந்திருந்தான்.

அன்றைக்குத் தலைவர் தெரிவு. மார்க்கண்டுவுக்கு எதிராக இந்த முறை அப்புத்துரை நின்றார். தலைவர் பதவி என்றால் மாலையும் மரியாதையும் மட்டும் இல்லை. தீவிலிருந்து ஒரு மாடு வள்ளம் ஏறுவதென்றால், அதில் சுட்டிருக்கும் குறியைப் பார்த்துத் தலைவர் துண்டு எழுதிக் கொடுக்கவேண்டும். துண்டில்லாமல் ஏற்றினால் அது களவு மாடு. மூன்று வருசமாக அப்படி எத்தனையோ மாடுகள் போய்விட்டன. பிடிபட்டவன் யாக்கோப்பு ஒருவன்தான்.

"நாட்டுத் தேர்தலிலையே மறியலுக்குப் போய் வந்தவனுக்கு ஏழு வருசம் வாக்கில்லை. நாங்கள் என்ன அதைவிடப் பெரிய ஆக்களோ?" என்றார் மார்க்கண்டு.

அப்புத்துரை ஆறுதலாக எழும்பினார். மதலேனா பட்ட பாட்டைச் சொன்னார். விழுந்தவனைக் கைகொடுத்துத் தூக்காத சங்கம் என்ன சங்கம் என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"களவுக்கு இரண்டு வருசம் எண்டு நீதவான் சொன்னவர். அவன் அதை அனுபவிச்சிட்டான். அதுக்கு மேலை தண்டிக்க நாங்கள் ஆர்?"

முன்வரிசையில் இருந்த யோகம்மா கண்ணைத் துடைத்தாள். கை உயர்த்தச் சொன்னபோது முக்கால்வாசிக் கைகள் உயர்ந்தன. யாக்கோப்பின் பெயர் திரும்பவும் பதியப்பட்டது.

மார்க்கண்டுவுக்கு விளங்கிவிட்டது. அப்புத்துரை நல்ல கெட்டிக்காரத்தனமாக ஒரு வாக்கைப் பிடித்துவிட்டார். என்ரை பசுவைத் திண்டவன்ரை வாக்கு என்னையே தின்னப்போகுது என்று மனதுக்குள் புழுங்கினார்.

அந்தச் சங்கத்தில் வாக்குப் போடும் முறையே வேறு. பாதிப் பேருக்கு எழுத வராது. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் மாட்டுக்குச் சுடுகிற குறி ஒன்று உண்டு. அதைக் கீறத் தெரியாதவர் தீவில் இல்லை. கடதாசியில் தன் வீட்டுக் குறியைக் கீறி, மறைப்புக்குப் பின்னால் இருக்கும் இரண்டு மண்முட்டிகளில் ஒன்றில் போடவேண்டும். சுண்ணாம்பு பூசிய முட்டி மார்க்கண்டுவுக்கு, பூசாதது அப்புத்துரைக்கு. ஒரே குறி இரண்டு முறை விழுந்திருக்கிறதா என்று எண்ணுகிறவர் மட்டும் பார்ப்பார், பார்த்ததை வெளியே சொல்லமாட்டார். முடிவு சொன்னதும் வென்றவர் கடதாசிகளைப் பார்க்காமல் அடுப்பில் போட்டுவிடுவார்.

மாடே இல்லாத கிறிஸ்தோப்பர் வாத்தியார்தான் எண்ணினார். எண்ணியதை இன்னொருதரம் எண்ணினார்.

"அப்புத்துரை முப்பத்துநாலு. மார்க்கண்டு முப்பத்தைஞ்சு."

அப்புத்துரை சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒருவரோடும் கதையாமல் போய்விட்டார்.

தேத்தண்ணி வைத்த அடுப்பில் இன்னும் தணல் இருந்தது. மார்க்கண்டு முதலில் தன் சுண்ணாம்பு முட்டியைக் கவிழ்த்தார். ஒரு கடதாசி மட்டும் தணலில் விழாமல் அவர் காலடியில் வந்து கிடந்தது. பார்க்கக்கூடாதுதான். பார்த்துவிட்டார்.

ஒரு சிலுவை, அதன் கீழே ஒரு தூண்டில்முள். தீவில் அந்தக் குறி ஒரே ஒரு வீட்டுக்குத்தான்.

கடதாசியைக் கையில் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். யாக்கோப்பு கல்வேலி ஓரமாக வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தான். கூப்பிட்டு நிற்பாட்டினார்.

"முட்டி மாறிப் போட்டிட்டியோ?"

"இல்லை, அண்ணை. சுண்ணாம்பு பூசினது உங்கட எண்டு தெரிஞ்சுதான் போட்டனான்."

"உனக்காகக் கதைச்சது அப்புத்துரை. உனக்கு வாக்குக் குடுக்கக் கூடாது எண்டு சொன்னது நான்."

"ஓம்." யாக்கோப்பு நிலத்தைப் பார்த்தான். "உங்கட காரியை அவிட்டுக்கொண்டு போனது நான்தான், அண்ணை. அது என்ரை பாவம், அதை நான்தான் சுமக்கவேணும். ஆனா என்னை ஏவிவிட்டு, அதை வாங்கி வள்ளத்திலை ஏத்தினது அப்புத்துரை அண்ணை. துண்டு எழுதுற புத்தகம் அவரின்ரை கைக்குப் போனா, இந்தத் தீவிலை ஒரு மாடுகண்டும் மிஞ்சாது."

மார்க்கண்டு கல்வேலியைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் காரியின் முகம் நினைவுக்கு வந்தது. பிறகு, சங்கத்தில் தான் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது.

"கோட்டிலை நீதவானிட்டை நீர் ஏன் இதைச் சொல்லேல்லை?"

"கோட்டிலை, களவெடுத்தனியோ எண்டுதான் கேட்டவை. ஓம் எண்டனான். தலைவராய் ஆர் வரவேணும் எண்டு என்னட்டைக் கேட்டது இண்டைக்குத்தானே, அண்ணை."