ஐந்து புள்ளி இரண்டு மில்லிமீட்டர்

தேனீயைத் திருப்பிப் போட்டதும் பின்னங்காலில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருப்பது தெரிந்தது.

லென்ஸை இன்னும் கீழே இறக்கினேன். மகரந்தம். காய்ந்து கெட்டியாகியிருந்தது.

சிறகைப் பார்த்தேன். ஓரமெல்லாம் நைந்து கிழிந்திருந்தது.

லென்ஸிலிருந்து கண்ணை எடுத்தேன்.

தசரா லீவு முடிந்து அன்றுதான் காலேஜ் திறந்திருந்தது. 1962, அக்டோபர் இருபத்திரண்டு. மேசைமேல் கிடந்த பேப்பரில் முதல் பக்கம் முழுவதும் எல்லைச் சண்டைதான். வராந்தாவில் காந்தா பெருக்கும் சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே, கேட் ஓரத்தில் மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். யாரையோ பார்க்க வந்தவர்கள் போலிருந்தது.

காந்தா எங்கள் விலங்கியல் துறையில் பெருக்கித் துடைப்பவள். ஜோகுபாளையத்திலிருந்து நடந்தே வருவாள். அவள் புருஷன் ஆதிகேசவன் ராணுவத்தில் பாதை போடுகிற, பாலம் கட்டுகிற பிரிவில் இருந்தான். எந்த இடத்தில் என்று அவளுக்குத் தெரியாது. கடிதத்தில் அவன் ஊர் பெயரை எழுதினால் சென்சாரில் மை பூசிவிடுவார்கள்.

நான் அங்கே செய்முறை வகுப்பு எடுக்கும் டெமான்ஸ்ட்ரேட்டர். பம்பிள் தேனீ என் பைத்தியம். கம்பளி போர்த்தியது போல உடம்பெல்லாம் மயிர் மூடிய தேனீ அது. இமயமலைக் குளிரில் இருக்கும்; இங்கே பெங்களூரில் தேடினாலும் கிடைக்காது. குளிரும் உயரமும் கூடக்கூட அதன் உடம்பும் பெரிதாகிறதா என்பதுதான் என் ஆராய்ச்சி. மலையே ஏறாமல், அங்கே இருப்பவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி எழுதி வரவழைத்து அளந்துகொண்டிருந்தேன்.

காந்தா இதைப் புருஷனுக்கு எழுதியிருக்கிறாள். மே மாதம் என் பெயருக்குத் துணியில் தைத்த தீப்பெட்டி ஒன்று வந்தது. உள்ளே பஞ்சில் ஒரு தேனீ. ஜூனில் இன்னொன்று.

இரண்டும் தடித்தடியாக இருந்தன. சிறகுகளுக்கு நடுவே முதுகின் அகலத்தைக் காலிப்பர் கருவியால் அளந்தேன். ஏழு மில்லிமீட்டர்.

காந்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஊர் பெயரை அழிக்கலாம், தேனீயின் உடம்பை அழிக்க முடியுமா என்று பீற்றிக்கொண்டேன். பதினாலாயிரம் அடிக்குக் குறையாது என்றேன். கட்டுரையில் 'இருக்கலாம்' என்று எழுதியதை அவளிடம் 'இருக்கிறது' என்று சொன்னேன்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

லீவுக்கு முந்தின நாள் ஒரு தந்தி பாரத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். 'மதர் சீரியஸ்' என்று இங்கிலீஷில் எழுதித் தரவேண்டும். எல்லா ராணுவக் குடும்பமும் செய்கிற வேலைதான். அவள் தெருவில் கோவிந்தப்பாவுக்கு அப்படித்தான் ஆகஸ்டில் லீவு கிடைத்தது. அம்மா குத்துக்கல் மாதிரி வாசலில் நிற்க, அவன் பெட்டியோடு வந்து இறங்கினான்.

எழுதிக் கொடுத்தேன். அவள் தபாலாபீசுக்குக் கிளம்புவதற்குள் தபால்காரர் மூன்றாவது தீப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

எனக்கு மைசூர் ரயிலுக்கு நேரமாகியிருந்தது. நின்றபடியே அளந்தேன். ஐந்து புள்ளி இரண்டு.

ஆள் மலையை விட்டு இறங்கிவிட்டான், பொய்த் தந்தி எதற்கு என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு பாரத்தை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். கூடையைக் கொட்டிவிட்டு வந்ததும் அவள்தான்.

அதே தேனீதான் இப்போது லென்ஸுக்கு அடியில் கிடந்தது.

பனி உருகியதும் முதலில் வெளியே வருவது ராணித்தேனீ. மேயிலும் ஜூனிலும் ஆதிகேசவன் பிடித்தவை ராணிகள். இலையுதிர் காலத்தில், சிறகு கிழியும் வரை மகரந்தம் சுமந்த இது வேலைக்காரத் தேனீ. எந்த உயரத்திலும் ராணியைவிட இது சின்னதாகத்தான் இருக்கும். இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்று பி.எஸ்ஸி. மாணவர்களுக்கு வருஷா வருஷம் சொல்லிக்கொடுப்பவன் நான்.

அலமாரியைத் திறந்து வேலைக்காரத் தேனீக்களின் பெட்டியை எடுத்தேன். ஸ்ரீநகரில் பிடித்தது மூன்று புள்ளி ஆறு. அதற்கு மேலே பதினாலாயிரம் அடியில் ஒரு கணவாயில் பிடித்தது நாலு புள்ளி மூன்று. பெட்டியில் நூற்றுக்கு மேல் இருந்தன. ஒன்றுகூட ஐந்தைத் தொடவில்லை.

அவன் இறங்கவே இல்லை. இன்னும் மேலே போயிருந்தான்.

பதினேழு நாள். அந்தத் தந்தி போயிருந்தால் இந்நேரம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான். இனி எந்தத் தந்திக்கும் லீவு கிடைக்காது.

துடைப்பச் சத்தம் நின்றது. காந்தா வாசலில் வந்து நின்றாள். தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். பதினேழு நாளில் கன்னம் கொஞ்சம் தேறியிருந்தது.

"மேல மலைலதான் சண்டைன்னு ரேடியோல சொல்றாங்க சார். எங்க வூட்டுக்காரரு கீழதான இருக்காரு?"

உண்மையைச் சொன்னால் அவள் யாரிடம் போய் நிற்பாள்? நான்தான் யாரிடம் போய் நிற்பேன்?

கீழேதான் என்று சொன்னேன்.

அவள் போகவில்லை. ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள்.

"அவங்களுக்கும் ஒருதரம் உங்க வாயால சொல்லிடுங்க சார். அவங்க வூட்டு ஆம்பளைங்களும் இவரு கூடத்தான் இருக்காங்க. நான் சொன்னத நம்பி அவங்களும் தந்தி குடுக்கல."

கேட் ஓரத்தில் நின்றிருந்த மூன்று பெண்களும் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தியின் இடுப்பில் குழந்தை இருந்தது. காந்தா இங்கிருந்தே தலையை ஆட்டியதும் அவர்கள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

காலிப்பர் இன்னும் என் கையில் இருந்தது. அதைக் கீழே வைக்கத் தோன்றாமல் நானும் கும்பிட்டேன்.